எளிய கணினியில் ஓடும் துப்பாக்கி ஆட்டங்கள்

(நாகர்கோவிலில் நூலக வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கவிதையையும் சமயத்தையும் சரித்திரத்தையும் பற்றிய சொற்பொழிவுகளையே கேட்டுப் பழகிய இந்த அவையில், துப்பாக்கி விளையாட்டைப் பற்றி, அதிலும் விலை குறைந்த பழைய கணினியில் ஓடக்கூடிய துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பேச இடம் கொடுத்தமைக்காக உங்களுக்கு என் மனப்பூர்வமான நன்றி. இது அற்ப விஷயம் என்று கருதுகிறவர்கள் சிலர் இங்கே இருக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு பிள்ளை தன் கையில் உள்ள யந்திரத்தின் பலம் இவ்வளவு, பலவீனம் இவ்வளவு என்று முதன்முதலில் அறிந்துகொள்வது பாடப்புத்தகத்தின் வாயிலாக அல்ல, விளையாட்டின் வாயிலாகத்தான்; அந்த அறிவு நல்ல வழியில் வளருவதும் ஏமாற்றத்தில் முடிவதும், அவன் முதலில் எந்த ஆட்டத்தைத் தேடிப் போகிறான் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்த தினத்தன்று, தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படித்தவர்களுக்கும், அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனத்தின் மூலம் கொள்முதல் செய்யப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும், கல்குளத்திலும் விளவங்கோட்டிலும், அதுவரை கணினி என்பதைப் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து மட்டுமே தொட்டறிந்த எத்தனையோ வீடுகளுக்குள் அந்தக் கறுப்புப் பெட்டி நுழைந்தது. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜி.பி. நினைவகமும், 320 ஜி.பி. வட்டும், 14 அங்குலத் திரையும் இருந்தன. விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து அளிக்கப்பட்டது. தனியான கிராபிக்ஸ் கார்டு அதில் கிடையாது. பிற்காலத்தில் வந்தவை சற்றே வலிமை மிக்கவை என்றாலும், அவையும் விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

அந்தக் கணினி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பழுது பார்க்கும் கடையில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, இதுல ஐ.ஜி.ஐ. ஓடுமா?" என்று கேட்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கேள்வி, "பப்ஜி ஓடுமா?" என்று மாறியது. "அதெல்லாம் இதுல ஓடாது மக்களே, போய்ப் படி" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். அந்தப் பதிலில் அன்பு இருந்தது. உண்மை பாதிதான் இருந்தது. ஐ.ஜி.ஐ. என்ற பழைய ஆட்டம் தாராளமாக ஓடும். பப்ஜி என்ற பிற்கால ஆட்டம் அதில் ஓடாது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

துப்பாக்கி ஆட்டம் என்று நாம் சொல்வது, ஆடுகிறவன் தன் கண்ணாலேயே அந்த உலகத்தைப் பார்ப்பதுபோல் அமைந்த ஆட்டம். அவன் தலையைத் திருப்புந்தோறும் திரை முழுவதும் புதிதாக வரையப்பட வேண்டும். அதுவும் ஒரு வினாடிக்கு முப்பது முறை, நன்றாக இருக்க வேண்டுமானால் அறுபது முறை. அறுபது என்று வைத்துக்கொண்டால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 17 மில்லி வினாடி. சாதாரண மடிக்கணினியின் திரையில் 1366க்கு 768 என்ற கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் இன்னதென்று தீர்மானித்து, நிழல் விழுகிறதா என்று பார்த்து, புகையையும் வெளிச்சத்தையும் கலந்து கொடுக்கும் வேலையைத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் அந்தக் கார்டு தன் சொந்த நினைவகத்தை வைத்துக்கொண்டு செய்கிறது. நம் எளிய கணினியிலோ, மையச் செயலியோடு ஒட்டிப் பிறந்த ஒரு சிறு சில்லு, விண்டோஸுக்கும் மற்ற நிரல்களுக்கும் உரிய அதே 2 ஜி.பி.யிலிருந்து ஒரு பங்கைக் கடன் வாங்கி அந்தப் பணியைச் செய்ய வேண்டியிருக்கிறது. நினைவகம் போதாமற்போனால் கணினி வட்டைத் தேடி ஓடும். வட்டு மெதுவாகத்தான் பதில் தரும். திரை நின்று நின்று நகரும். பிள்ளைகள் "லேக் ஆகுது" என்று சொல்வது இதைத்தான்.

இப்படிப்பட்ட யந்திரத்தில் துப்பாக்கி ஆட்டம் சாத்தியமே இல்லையா என்றால், அந்தக் கலை பிறந்ததே இதைவிட மிகமிக ஏழ்மையான யந்திரத்தில்தான் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அமெரிக்காவில் இட் சாஃப்ட்வேர் என்ற சிறு குழுவினர் 'டூம்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்டது 386 செயலியும் 4 எம்.பி. நினைவகமும். அரசு கொடுத்த கணினியின் நினைவகம் அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். டூம் வரைந்த படத்தில் இருந்த புள்ளிகள் 320க்கு 200, ஆக 64,000 மாத்திரமே. எனினும் அந்த இருண்ட தாழ்வாரங்களில் நடந்து சென்றவர்களின் நெஞ்சம் படபடத்தது, இன்றும் படபடக்கிறது.

அந்தக் குழுவின் பிரதான நிரலாளரான ஜான் கார்மாக் செய்த யுக்தியைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் இன்று சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை அதுதான். ஒருவன் ஓர் அறையில் நிற்கும்போது எந்தச் சுவர் முன்னால் இருக்கிறது, எந்தச் சுவர் அதன் பின்னால் மறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் ஆராய்ந்துகொண்டிருந்தால் அக்காலத்துச் செயலி திணறிப் போயிருக்கும். ஆகவே, ஆட்டத்தின் வரைபடம் முழுவதையும் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இரண்டாகப் பிரித்து, இப்படிப் பிரித்துக்கொண்டே போய் ஒரு மரத்தின் கிளைகளைப்போல் அடுக்கிவைக்கும் கணித முறையை, 1980இல் ஆராய்ச்சியாளர் மூவர் கட்டுரையாக எழுதிவைத்திருந்த அந்த முறையை, அவர் எடுத்தாண்டார். அந்தப் பிரிவினை வேலை முழுவதும் ஆட்டத்தை உருவாக்கியவர்களின் கணினியிலேயே முன்கூட்டி முடிந்துவிட்டது. ஆடுகிறவனின் கணினி அந்தக் கிளைகளின் வழியே இறங்கிப் போய், அருகில் உள்ளதை முதலிலும் தொலைவில் உள்ளதைப் பிறகும் எடுத்து வரைந்தால் போதும்.

1996இல் வந்த 'க்வேக்' என்ற ஆட்டத்தில் இதே யுக்தி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்த விளக்கின் ஒளி எந்தச் சுவரில் எவ்வளவு படும் என்பதையும், எந்த இடத்தில் நின்றால் எந்தெந்த இடம் கண்ணில் படக்கூடும் என்ற பட்டியலையும் முன்னதாகவே கணித்து ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். பேச்சிப்பாறை அணை பெருமழைக் காலத்து நீரைத் தேக்கிவைத்துக்கொண்டு, வானம் பொய்த்த நாளில் நாஞ்சில் வயல்களுக்குத் திறந்துவிடுவதை ஒத்தது இது. வலிமை மிக்க யந்திரம் முன்பே செய்துவைத்த உழைப்பைப் பலவீனமான யந்திரம் பிறகு அநுபவிக்கிறது. இன்றைய பெரிய ஆட்டங்களில் பல, ஒளியையும் நிழலையும் ஆடும்போதே கணித்துக்கொள்கின்றன. அதில் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பின் சுமை முழுவதும் ஆடுகிறவன் வாங்கும் கார்டின் தலையில் விழுகிறது, அதாவது அவன் தகப்பனாரின் சட்டைப்பையில் விழுகிறது.

ஆகையால், எளிய கணினிக்கு ஆட்டம் தேடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஆட்டம் எந்த வம்சத்தில் வந்தது என்பதை. க்வேக்கின் வம்சம் பெரியது. 1998இல் வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப் லைஃப்', க்வேக்கின் என்ஜினை, அதாவது அதை இயக்கும் அடிப்படை நிரலை, திருத்தியமைத்தே எழுதப்பட்டது. அந்த ஹாஃப் லைஃபின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் கட்டியெழுப்பியதுதான், நம் பிள்ளைகள் சி.எஸ். என்று செல்லமாக அழைக்கும் 'கவுண்டர் ஸ்டிரைக்'. பென்டியம் காலத்துக் கணினிக்கென்று அளவெடுத்துச் செய்யப்பட்ட இவ்விரண்டும் அரசு மடிக்கணினிக்குச் சுமையே அல்ல.

ஐ.ஜி.ஐ.யின் வம்சம் வேறு. 2000ஆம் ஆண்டில் நார்வே நாட்டு இன்னர்லூப் என்ற குழுவினர் அதை வெளியிட்டனர். போர் விமானம் ஓட்டும் ஆட்டம் ஒன்றுக்காக அவர்கள் முன்பே எழுதிவைத்திருந்த என்ஜினை அதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற செய்தியை அறிந்தால், அந்த ஆட்டத்தில் மலையும் சமவெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்ததன் ரகசியம் விளங்கும். ஒரு மிஷனின் நடுவே சேமித்து வைக்க வழியில்லாத ஆட்டம் அது. கடைசிக் காவலாளியிடம் மாண்டால் மறுபடியும் தொடக்கத்து முள்வேலியிலிருந்தே தொடங்க வேண்டும். இந்திய நகரங்களின் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே அந்த முள்வேலியைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் பொறுமையைக் கற்றது.

பப்ஜியைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எளிய கணினிகளுக்காகவே 'பப்ஜி லைட்' என்ற பதிப்பு 2019 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் ஓடும் என்றார்கள். பிற்கால அரசு மடிக்கணினிகள் சிலவற்றில் தடுமாறியாவது ஓடியது. பிள்ளைகள் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. 2021 ஏப்ரல் 29ஆம் நாள் அதன் சர்வர்களை நிறுவனம் நிறுத்திவிட்டது. அன்றோடு அந்த ஆட்டம் உலகத்தில் இல்லாமற்போயிற்று. கணினியில் கோப்பு இருந்தும் பயனில்லை. 2020இல் வந்த 'வேலரண்ட்' பழைய இன்டெல் சில்லுகளிலும் ஓடும்படி அக்கறையோடு செய்யப்பட்டது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் மோசடி ஆட்டத்தைத் தடுக்கும் அதன் காவல் நிரல் விண்டோஸின் ஆழம் வரை இறங்கி உட்கார்ந்துகொள்கிறது, லினக்ஸில் அது ஓடாது, இணையம் இல்லாமல் ஒரு நொடியும் ஆட முடியாது. 2023 செப்டம்பரில் 'கவுண்டர் ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்' என்ற பிற்காலப் பதிப்பின் இடத்துக்கு வந்த 'கவுண்டர் ஸ்டிரைக் 2', 8 ஜி.பி. நினைவகத்தையும் 85 ஜி.பி. இடத்தையும் குறைந்தபட்சத் தேவையாகவே கேட்கிறது. நேற்றுவரை ஓடிய கணினி, அதில் எந்தப் பழுதும் நேராமலேயே, இன்று தகுதியற்றதாகிவிடுகிறது.

இந்த நிலையாமையிலிருந்து விடுபட்ட ஆட்டங்கள் சில உண்டு. இன்று உங்கள் முன் நான் மனமாரப் பரிந்துரைப்பது அவற்றையே. இட் சாஃப்ட்வேர் நிறுவனம் தன் ஆட்டங்களின் வியாபாரக் காலம் முடிந்ததும் அவற்றின் மூல நிரலை உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது. டூமின் நிரல் 1997இலும், க்வேக்கின் நிரல் 1999இலும், மூன்றாம் க்வேக்கின் நிரல் 2005 ஆகஸ்டிலும் வெளியாயின. நிரல் மட்டுமே கிடைத்தது. படங்களும் ஒலிகளும் உருவங்களும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தன. அவற்றைத் தன்னார்வலர்கள் புதிதாக வரைந்தும் பதிவு செய்தும் சேர்த்தார்கள். டூமின் நிரலின் மேல் இப்படி எழுந்தது 'ஃப்ரீடூம்'. மூன்றாம் க்வேக்கின் மேல் எழுந்தது 'ஓப்பன் அரினா'. இவ்விரண்டும் சட்டப்படியே இலவசம்; பாஸ் லினக்ஸுக்கு மூலமான டெபியன் லினக்ஸின் களஞ்சியத்திலேயே இருப்பவை. இந்தக் குடும்பத்தைச் சேராத, கியூப் என்ற என்ஜினின் மேல் 2006இல் எழுந்த 'அசால்ட் கியூப்' இன்னொன்று. ஏறத்தாழ 50 எம்.பி. அளவில் வெளிவந்த அந்த ஆட்டம், கவுண்டர் ஸ்டிரைக்கின் சாயலும் விறுவிறுப்பும் கொண்டது; 2011இல் கிடைத்த அரசு மடிக்கணினிக்கு இதைவிடப் பொருத்தமான துப்பாக்கி ஆட்டம் ஒன்று உண்டென்று நான் கருதவில்லை. இரண்டு மூன்று கணினிகளை வலையமைப்பாக இணைத்துவிட்டால், இணையமே இல்லாமல், ஒரே வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் அடுத்த வீட்டுப் பையனும் சேர்ந்து ஆடலாம்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஓப்பன் அரினாவில் உள்ள சில பெண் உருவங்களும் ரத்தக் காட்சிகளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. அதை உருவாக்கியவர்களே அது வயது வந்தவர்களுக்கு உரியது என்கிறார்கள். ஃப்ரீடூம் அரக்கர்களை வேட்டையாடும் ஆட்டம். சிறுவர்கள் ஆட்டத்தைத் தொடங்குமுன் ஒருமுறை பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அதைவிடப் பெரிய அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. 'ஹைலி கம்ப்ரஸ்டு' என்று பெயரிட்டு, 40 ஜி.பி. ஆட்டத்தை 500 எம்.பி.யில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் திருட்டுக் கோப்புகளை நம்பி இறக்கி, ஆட்டத்தையும் காணாமல் வைரஸை மட்டும் பெற்றுக்கொண்டு, பிராஜெக்ட் அறிக்கையையும் குடும்பப் புகைப்படங்களையும் இழந்த மாணவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நேர்மையாக இலவசமாய்க் கிடைப்பது இருக்கும்போது திருடுவதற்கு என்ன அவசியம்?

இந்த ஆட்டங்களை நான் உயர்த்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், அவற்றின் கதவு உள்ளே போகவும் திறந்திருக்கிறது என்பது. அசால்ட் கியூபில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விசையைத் தட்டினால் ஆட்டக்களம் தொழிற்கூடமாகிவிடும். சுவரை உயர்த்தலாம், தரையைத் தாழ்த்தலாம், விளக்கை ஏற்றலாம். நம் மாவட்டத்தில் ஒரு மாணவன் இதைக் கொண்டு வட்டக்கோட்டையைக் கட்டிப் பார்க்கட்டும். கடலோரத்தில் நிற்கும் கருங்கல் மதிலும், உள்ளே திறந்த முற்றமும், நடுவே குளமும், சரிந்தேறும் பாதையும் கொண்ட அந்தக் கோட்டை இத்தகைய என்ஜினுக்கென்றே அமைந்தாற்போல் இருக்கிறது. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையை அவன் கட்டப் புகுந்தால் ஓர் இடத்தில் முட்டி நிற்பான். உப்பரிகை மாளிகையில் அறையின் மேல் அறை அடுக்கடுக்காக இருக்கிறது. டூமின் என்ஜினும் கியூப் என்ஜினும் ஓர் அறையின் தலைக்குமேல் இன்னோர் அறையை வைக்க அநுமதிப்பதில்லை. தரைக்கும் கூரைக்கும் ஓரிடத்துக்கு ஓர் உயரம்தான் என்று ஒப்புக்கொண்டதனால்தான் அவற்றால் அவ்வளவு வேகமாக வரைய முடிந்தது. இந்தத் தடையில் முட்டி நின்ற மாணவன், வடிவக் கணிதத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்தவனைவிட ஒரு படி மேலே போய்விட்டான் என்பேன். கட்டிப் பார்க்க நம்மிடம் கோட்டை மட்டுமல்ல, கதையும் உண்டு: 1741இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரர்களை வென்றதும், சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராகி வட்டக்கோட்டையைப் பலப்படுத்தியதும் நம் மண்ணின் சரித்திரம். அந்தச் சரித்திரத்தை ஆட்டமாக்க வெளியூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

இனி, கையில் உள்ள கணினியைச் சீர்செய்யும் முறை. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளைத் தட்டினால், செயலி எது, நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் சில்லு எது என்று கணினியே சொல்லிவிடும். ஆட்டத்தின் உறையிலோ பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மந்தமாக ஓடுவது வேறு, ஓடவே மறுப்பது வேறு. விண்டோஸில் ஆட்டம் சில்லோடு பேசப் பயன்படும் டைரக்ட் எக்ஸ் என்ற இடைமுகத்தில், சில்லுக்குத் தெரியாத பதிப்பை ஆட்டம் கேட்டால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. மந்தமாக ஓடினால், ரெசல்யூஷனை 1366க்கு 768இலிருந்து 800க்கு 600ஆகக் குறைத்தாலே வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். நிழலை அணைத்துவிடுங்கள். செலவு செய்யக்கூடியவர்கள் ஒரே ஒரு செலவு செய்யலாம்: 2 ஜி.பி.யை 4 ஜி.பி. ஆக்குவது, அதையும் முடிந்தால் ஒரு ஜோடித் துண்டுகளாகப் போடுவது. பகிர்ந்துண்ணும் சில்லுக்கு அது இரட்டிப்புப் பாதை.

இன்னொன்றும் உண்டு, அதற்குக் காசே வேண்டாம். முட்டத்திலும் மணக்குடியிலும் கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று புழுதியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பழைய மடிக்கணினி ஒன்றின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், விசிறிக்கும் செப்புக் குழாயின் இதழ்களுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில், ஈரம் கோத்து இறுகிய தூசு கனமாக அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். வெப்பம் வெளியேற வழியின்றிச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆட்டம் தொடங்கிய பத்தாம் நிமிஷத்தில் லேக் ஆகிறது என்பார்களே, அதன் காரணம் பல வேளைகளில் இந்தத் தூசுதான். ஒரு சிறு தூரிகையும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும். கட்டிலில் மெத்தையின் மேல் வைத்து ஆடாதீர்கள். கீழே உள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். பேட்டரியில் ஆடும்போது மின்சிக்கன அமைப்பு வேகத்தைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரியோர்களே, இந்த அவையில் அமர்ந்திருப்பவர்களில் பலருடைய வீட்டுப் பரணில், கல்லூரி முடித்து வெளியூர் போன மகனுடையதோ மகளுடையதோ ஆன அரசு மடிக்கணினி ஒன்று, பையோடு மூடிக் கிடக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசு போக்குங்கள். பேட்டரி உயிரிழந்திருந்தால் சார்ஜரை நேரே செருகியே இயக்கலாம். லினக்ஸை நிறுவத் தெரிந்த மாணவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஃப்ரீடூமையும் அசால்ட் கியூபையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் கணினி இல்லாத பிள்ளை எவன் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் கையில் அதைக் கொடுங்கள்.